சட்டத்தில் ஒட்டிய பொட்டு

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பும் பேருந்தில், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் ஜன்னலோர இடம் எனக்கு. தூரம் எழுபத்தைந்து மைல், கட்டணம் மூன்று ரூபாய் பத்துக் காசு. அந்த இடத்துக்கு நான் முழுக் கட்டணம் கொடுத்திருந்தேன் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கையில் ஒரு புதுமணத் தம்பதி ஏறினார்கள். கூடவே பெண்ணின் அத்தை. தேனிலவுக்கு அத்தை எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. கல்யாணப் பெண்ணுக்கு என் பக்கத்து இடம் விழுந்திருந்தது. அத்தை என் நெற்றியைப் பார்த்தாள். கண்டக்டரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ ஓதினாள்.

"அம்மா, கொஞ்சம் பின்னால போயி உக்காந்துக்கிறீகளா? அங்கயும் ஜன்னல் இருக்கு."

"எதுக்கு?"

"இல்லங்க, புதுசாக் கல்யாணமான பொண்ணு..."

"அவளுக்குக் கல்யாணமானா நான் எதுக்குய்யா எடம் மாறணும்?" என்றேன், வண்டி முழுக்கக் கேட்கும்படி. கண்டக்டர் தலையைச் சொறிந்தார். கடைசியில் பின்னால் போனது அவர்கள்தான். என் பக்கத்தில் ஒரு காய்கறி வியாபாரி வந்து உட்கார்ந்து வத்தலக்குண்டு வரை என் தோளில் தூங்கினார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. கணவர் போய்ப் பதின்மூன்று வருஷமாகிறது. வெள்ளைச் சேலை கட்ட மாட்டேன் என்று அன்றே சண்டை போட்டு ஜெயித்தவள். பொட்டைப் பற்றிச் சண்டை போடவில்லை. ஒரு நேரத்தில் ஒரு சண்டைதான் போட முடியும் என்று நினைத்தேன். பிறகு அதற்கு நேரம் வரவேயில்லை. பள்ளியில் மாம்பழமும் மண்பானையும் வரையச் சொல்லிக்கொடுத்துச் சலித்துப்போயிருந்த சமயத்தில், கொடைக்கானலில் ஒரு ஜெர்மன் ஓவியர் மூன்று வருஷமாகத் தங்கி நம் மலைவாசிகளை வரைகிறார், மே மாதத்தில் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு மாதப் பத்திரிகை கட்டுரை கேட்டது. இந்த அறுபதாம் வருஷக் கோடை விடுமுறையை அதற்குச் செலவழித்தேன்.

வத்தலக்குண்டில் இருபது நிமிஷம் நின்றது. காப்பி பதினைந்து காசு, குடிக்கிற மாதிரியே இருந்தது. அதற்கப்புறம் மலை. வளைவுக்கு வளைவு கீழே வயல்கள் சிறுத்துக்கொண்டே போயின. ஊத்து என்ற இடத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பெருமாள் மலை தாண்டியதும் ஜன்னலைச் சாத்தச் சொல்லிப் பின்னாலிருந்து குரல் வந்தது. அதற்குச் சற்று முன்புதான் அத்தை வாந்தி எடுக்க ஆரம்பித்திருந்தாள். வண்டியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது நான் ஒருத்திதான். கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாள். அதற்குச் சகுனம் பார்க்கவில்லை.

பதினொன்றேகாலுக்குக் கொடைக்கானல். பஜாரில் விடுதி தேடிய கதையை விரிவாக எழுதினால் பத்திரிகைக்காரர்கள் வெட்டிவிடுவார்கள். மூன்று விடுதிகளில் "தனியாவா வந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, அறை இல்லை என்றார்கள். நான்காவது விடுதி ஒரு ராவுத்தருடையது. கேள்வி எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். நாளுக்கு நாலு ரூபாய், காலையில் ஒரு வாளி வெந்நீர் சேர்த்து. கம்பளி இரண்டு கேட்டேன், மூன்று கொடுத்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓவியரைப் பார்க்க நடந்தேன். அவர் இருந்தது செண்பகனூரில், பஜாரிலிருந்து மூன்று மைல் கீழே, தகரக் கூரை போட்ட வாடகை வீடு. பெயர் கார்ல் வெண்ட்லர். மலைக்காரர்கள் வாயில் அது வண்டல் துரை என்றாகிவிட்டது. அவருடைய படங்களைப் பார்த்தபின் அந்தப் பெயர்தான் சரி என்று தோன்றியது. சாயத்தைத் தூரிகையால் பூசுகிறவர் இல்லை அவர். தட்டையான கத்தியால் எடுத்து அப்புகிறார், கட்டைவிரலால் இழுக்கிறார். வாய்க்கால் வற்றினதும் அடியில் தங்கும் வண்டல் மாதிரி படத்தின் மேல் சாயம் கனமாகக் காய்ந்து நிற்கிறது. கொடைக்கானல் ஈரத்தில் ஒரு படம் காய மூன்று மாதம் ஆகிறதாம்.

ஐம்பது வயது இருக்கும். நெட்டையானவர், கூன் விழுந்த தோள், நகக்கண்ணெல்லாம் நீலம். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒன்றையொன்று கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்தன. ஊர், ஜெர்மனியின் கிழக்கில் ஓர் ஆற்றங்கரை நகரம். சுவருக்கு வெள்ளையடிக்கும் தொழிலாளியாக இருந்து படம் வரையக் கற்றவர். யுத்தத்தில் சிப்பாய், அப்புறம் கைதி. விடுதலையாகி ஊருக்குப் போனபோது ஊர் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கையைப் பார்க்க வந்தார். வெயில் தாங்காமல் படுத்துவிட, தங்கை அவரை மலைக்கு அனுப்பிவைத்தாள். அப்படியே தங்கிவிட்டார்.

"மரத்தை ஏன் கறுப்பாகவும் வானத்தை ஏன் மஞ்சளாகவும் போடுகிறீர்கள்?" என்று கேட்டேன். எங்கள் பள்ளியில் எந்தப் பெண்ணாவது அப்படிப் போட்டால் மார்க் கிடைக்காது.

"கண் பார்ப்பதைக் காமிரா எடுத்துக்கொள்ளும்," என்றார். "வயிற்றில் விழுவதை நான் எடுத்துக்கொள்கிறேன்."

எனக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று. இதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் மறுநாள் அவரிடம் நான் போட்ட சத்தத்தைப் படிக்கும்போது, ஆரம்பத்திலிருந்தே குற்றம் கண்டுபிடிக்க வந்தவள் என்று நினைத்துவிடக் கூடாது.

அன்று மாலை மூன்று மணிக்குக் காட்சிக்குப் போனேன். ஏரிக்கரையில் ஒரு கிளப்பின் கூடம். நுழைவு ஒரு ரூபாய். பதினேழு படங்கள். ஊதா நிறத்தில் மலைகள், கரியாக எரிந்தது போன்ற யூகலிப்டஸ் மரங்கள், மூட்டை சுமக்கும் முதுகுகள். ஒன்பதாவது படத்துக்கு முன்னால் நான் முக்கால் மணி நேரம் நின்றேன்.

ஒரு மலைக்காரப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். முப்பது வயது இருக்கலாம். சேலை வெள்ளை, பின்னால் இருக்கும் சுவர் வெள்ளை, தலைமுடியில்கூட வெள்ளைத் தூசு. நெற்றி வெறுமையாக இருக்கிறது. மடியில் கிடக்கும் கைகள் மட்டும் மண் நிறம். முகத்தில் அழுகை இல்லை, அழுது முடித்துவிட்டு அடுத்து அடுப்பைப் பற்றவைக்க எழுந்திருக்கப் போகிறவளின் முகம். படத்தின் கீழே இங்கிலீஷில் 'வெள்ளைத் தாய்' என்று எழுதியிருந்தது. சட்டத்தின் வலது மூலையில் காசளவுக்குச் சிவப்புக் காகிதப் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. விற்றுப்போன படங்களுக்கு அப்படி அடையாளம் வைப்பார்களாம். பம்பாய்க் கம்பெனிக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார் என்று சொன்னார்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஆட்களே எங்களை ஒதுக்கி உட்காரவைக்கும்போது, எங்கேயோ பிறந்த ஒருவர் ஒரு விதவையை நடுக் கூடத்தில் மாட்டி எல்லோரையும் நின்று பார்க்க வைத்திருக்கிறாரே என்று தோன்றியது. அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரே கதை என்று நினைத்துக்கொண்டேன். விடுதிக்கு வந்து நாலு பக்கம் புகழ்ந்து எழுதினேன். அந்த நாலு பக்கத்தையும் பிறகு கிழித்துப்போட வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை வட்டக்கானலுக்கு நடந்தேன், பஜாரிலிருந்து நாலு மைல். அங்கிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை செங்குத்தாக இறங்கி வெள்ளகவி என்ற பழைய மலைக்கிராமத்துக்குப் போகிறது. ஆறு மைல் என்று ஒருவர் சொன்னார், எட்டு என்று இன்னொருவர். அளந்தவர் யாரும் இல்லை. ரோடு கிடையாது. எது வேண்டுமானாலும் தலைச்சுமையாகவோ குதிரை முதுகிலோதான் போக வேண்டும். வெண்ட்லர் ஆறு வாரம் தங்கிப் படம் போட்டது அந்த ஊரில்தான். நான் அரை மைல் இறங்கிவிட்டு, முழங்கால் மறுக்கவே ஒரு பாறையில் உட்கார்ந்தேன். மணி ஒன்பதரை. கீழேயிருந்து ஓர் ஆணும் பெண்ணும் ஏறி வந்தார்கள், இருவரும் வெறுங்காலோடு.

"அம்மா, வண்டல் தொரை படம் மாட்டி வச்சிருக்கிற கட்டடம் எங்கிட்டு இருக்குன்னு தெரியுங்களா?" என்று கேட்டார் அந்த ஆள்.

நான் பதில் சொல்ல வாயெடுத்துவிட்டு நின்றுபோனேன். கூட வந்த பெண்ணின் முகம் ஒன்பதாம் நம்பர் படத்தின் முகம். அதே நெற்றி, அதே தாடை. ஆனால் அந்த நெற்றியில் நாலணாக் காசு அகலத்துக்குக் குங்குமம் இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு. சேலை அரக்குச் சிவப்பு.

"ஒன் வீட்டுக்காரர்..." என்று இழுத்தேன்.

"கால் ஒடிஞ்சு கெடக்காருங்க," என்றாள் அவள். "பலா மரத்துலருந்து விழுந்துட்டாரு."

பெயர் வெள்ளையம்மா. கூட வந்தவர் அண்ணன் முத்துக்கருப்பன். பாறையில் உட்கார்ந்து அவர்கள் சொன்ன கதை இது. பழம் விற்க மேலே வந்த ஊர்க்காரன் ஒருவன் கூடத்தின் ஜன்னல் வழியாகப் படத்தைப் பார்த்திருக்கிறான். திரும்பிப் போய், வெள்ளையம்மாவைத் தாலி அறுத்த கோலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். மூன்றாம் நாள் புருஷன் மரத்திலிருந்து விழுந்தான். நாத்தனார் பிடித்துக்கொண்டாள். புருஷன் இருக்கையில் வெள்ளை கட்டி உட்கார்ந்தவள் இந்த வீட்டுக்கு வேண்டாம், படத்தில் பொட்டு ஏறினால்தான் நீ படி ஏறலாம் என்று அண்ணன் வீட்டுக்குத் துரத்திவிட்டாள்.

"பன்னண்டு நாளாச்சுங்க," என்றாள் வெள்ளையம்மா. "அவருக்குக் கஞ்சி யாரு குடுக்கிறான்னு தெரியல. ஒரு பொட்டுதான. வச்சு விட்டாருன்னா நாம் பாட்டுக்கு வீடு போயிருவேன்."

"நீ வெள்ளைச் சேலையிலயா உக்காந்த?"

"இந்தச் சேலைதாங்க. எங்கிட்ட வேற ஏது? ஆறு வாரமும் இதே சேலை, இதே பொட்டு."

முத்துக்கருப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாந்தாங்க வாயக் குடுத்துக் கெடுத்துட்டேன். முந்தி இங்க ஒரு பங்களாவுல சமையலுக்கு எடுபிடியா இருந்தேன், நாலு வார்த்த இங்கிலீஷ் தெரியும். இவ பேருக்கு என்ன அர்த்தம்னு தொரை கேட்டாரு. வொய்ட்டு அம்மான்னு சொன்னேன். அவரு அப்படியே எந்திருச்சு நின்னுட்டாரு. மறுநாளே பழைய படத்தக் கிழிச்சுட்டு வெள்ளையா அப்ப ஆரம்பிச்சாரு. பேருல வெள்ள இருந்தா சாமி பேருன்னு நமக்குத் தெரியும். அவருக்கு எப்புடித் தெரியும்?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் அழுத படம் பொய். உயிரோடு இருக்கும் ஒருவனை ஒரு துரையின் கத்தி கொன்றிருக்கிறது. அந்தக் கத்திக்கு நான் நாலு பக்கம் ஆரத்தி எடுத்திருக்கிறேன். அந்த நாத்தனார் மட்டும் என்ன? படத்தில் பொட்டு இல்லையென்று வீட்டை விட்டு விரட்டுகிறவளை எந்தக் கணக்கில் வைப்பது? இரண்டு பேர் மீதும் ஒரே அளவு கோபத்தோடு, "எந்திரிங்க, போவோம்" என்று அவர்களை அழைத்துக்கொண்டு மலையேறினேன். வந்த முழங்கால் வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

மணி பன்னிரண்டு. கிளப் வாசலில் செயலாளர் நின்றார். கோட்டுப் போட்ட தமிழர். மூன்று டிக்கெட்டுக்குக் காசை நீட்டினேன். அவர் அவர்கள் காலைப் பார்த்தார்.

"சாரி மேடம். பேர்ஃபூட்ல வர்றவங்கள உள்ள அலவ் பண்றதில்ல. கிளப் ரூல்."

"இவங்க ஊர்ல கோயில் நெறைய. ஊருக்குள்ள செருப்புப் போடுறதில்ல. உங்க ஓவியரே அங்க ஆறு வாரம் வெறுங்காலோட நடந்தாராம். அப்ப யாரும் அவரத் துரத்தல."

"அது அவங்க ரூல் மேடம். இது எங்க ரூல்."

"செருப்புப் போட்டா எங்களுக்கு ஒண்ணும் குத்தமில்லைங்க," என்றார் முத்துக்கருப்பன் இடையில் புகுந்து. "ஊருக்குள்ளதான் போட மாட்டோம். இருந்தாப் போட்டுக்கிறோம். இல்ல, அதான்."

நான் என் செருப்பைக் கழற்றி வெள்ளையம்மாவிடம் கொடுத்தேன். அவள் மாட்டிக்கொண்டாள். செயலாளர் இப்போது என் காலைப் பார்த்தார். "மேடம், இப்ப நீங்க பேர்ஃபூட்."

அதற்கப்புறம் நான் பேசியதை அச்சில் போட முடியாது. ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வெண்ட்லர் வந்தார். வெள்ளையம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்து இரண்டு கையையும் கூப்பினார். அவளும் கும்பிட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனார். ஒன்பதாம் நம்பர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மார்போடு அணைத்துத் தூக்கி வந்து, புல்வெளியில் இருந்த பெஞ்சின் மேல் சாத்தி வைத்தார். "விற்ற படம்! விற்ற படம்!" என்று இங்கிலீஷில் கத்திக்கொண்டு செயலாளர் பின்னால் ஓடி வந்தார்.

வெள்ளையம்மா தன் படத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். கிட்டே போனாள், குந்தி உட்கார்ந்தாள்.

"கை என் கைதான்," என்றாள். "அருவா வெட்டுன தழும்பக்கூட விடல." பிறகு அவள் பார்வை கீழே இறங்கியது. "அண்ணே, இங்க பாரு. பொட்டு வச்சுத்தான் இருக்காரு. கீழ விழுந்து கெடக்கு."

அவள் விரல் சட்டத்தின் மூலையில் இருந்த சிவப்புக் காகிதத்தைத் தொட்டுக் காட்டியது. முத்துக்கருப்பன் குனிந்து பார்த்தார். "ஆமா! பசை விட்டுப்போச்சு போல. டீச்சரம்மா, எடுத்து மேல ஒட்டச் சொல்லுங்க, சோலி முடிஞ்சிரும்."

அதை நான் மொழிபெயர்த்தேன். வெண்ட்லர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. காகிதத்தைப் பிய்த்து வெள்ளையம்மாவிடம் நீட்டினார். செயலாளர் நெஞ்சில் கை வைத்தார். அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காகிதமா?" என்று திருப்பிக் கொடுத்தாள். "வித்ததுக்கு அடையாளம்" என்று நான் விளக்கினேன். "அப்ப அது கடைக்காரன் பொட்டு. எனக்கு ஆகாது," என்றாள்.

"சாயம் எடுங்கள்," என்றேன் வெண்ட்லரிடம். "ஒரு புள்ளி. அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டினார். "முடியாது. இந்தப் படத்தில் சிவப்புக்கு இடமில்லை."

"ஆறு வாரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பொட்டைப் பார்க்கவில்லையா?"

"பார்த்தேன். அதனால்தான் எடுத்தேன்." பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். அவர் கைதியாக இருந்தபோது ஊரில் குண்டு விழுந்தது. அம்மா நிலவறையிலிருந்து வெளியே வந்தபோது தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்பு, வாய் மட்டும் சிவப்பு. இரண்டு நாளில் இறந்துவிட்டாள். அவர் அதைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னதுதான். "வெள்ளை அம்மா என்று இந்த மனிதர் சொன்னபோது, பதினைந்து வருஷமாகத் தேடிய முகம் எதிரே உட்கார்ந்திருந்தது. அந்தச் சிவப்பை மட்டும் நான் எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு அது ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்தது."

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் உருகியிருப்பேன். அன்று உருகவில்லை. "உங்கள் அம்மாவின் சுண்ணாம்பை இந்தப் பெண்ணின் தலையில் ஏன் கொட்டினீர்கள்?" என்று கத்தினேன். "அவளுக்கு ஒரு புருஷன் இருக்கிறான். கால் ஒடிந்து, கஞ்சி கொடுக்க ஆளில்லாமல் கிடக்கிறான். நீங்கள் துக்கம் கொண்டாட வேறு நெற்றி கிடைக்கவில்லையா?"

அவர் என் நெற்றியைப் பார்த்தார், ஒரு கணம்தான். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சாயப்பெட்டியைக் கொண்டு வந்தார். குழாயிலிருந்து சிவப்பைப் பிதுக்கினார். அசல் குங்கும நிறம். மெல்லிய தூரிகையில் தொட்டு, படத்தின் நெற்றிக்கு நேரே கொண்டு போனார். கை ஒரு சாண் தூரத்தில் நின்றது. மறுபடி முயன்றார், மறுபடியும் நின்றது. தூரிகையை என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் ஓவிய ஆசிரியை. எந்த இடம் என்று உங்களுக்குத்தான் தெரியும்."

வாங்கிக்கொண்டு குனிந்தேன்.

"டீச்சரம்மா." முத்துக்கருப்பன் குரல். "கோவிச்சுக்காதீக. இம்புட்டுத் தூரம் நடந்து வந்து எங்களுக்காகப் பேசுனீக, மறக்க மாட்டோம். ஆனா பொட்டு... நீங்க வைக்க வேணாம்ங்க. ஏற்கெனவே நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

காலையிலிருந்து ஒன்பது மைல் நடந்து, ஊரே பார்க்கச் சண்டை போட்டு, செருப்பைக் கழற்றிக் கொடுத்து, ஒரு பொட்டுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள் நான். அந்தப் பொட்டை வைக்க என் கை மட்டும் ஆகாது! "அவர் என்ன சொல்கிறார்?" என்று வெண்ட்லர் கேட்டார். அன்று அங்கே பேசியதில் நான் மொழிபெயர்க்காமல் விட்டது அந்தப் பேச்சு ஒன்றைத்தான்.

"அண்ணே, நீ சும்மா இரு," என்றாள் வெள்ளையம்மா. அண்ணனை அடக்கினாளா, எனக்காகப் பேசினாளா என்று இன்றுவரை தெரியாது. "குடுங்க. என் நெத்திக்கு நானே வச்சுக்கிறேன்." தூரிகையை வாங்கினாள், எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் கீழே வைத்தாள். மோதிர விரலைச் சிவப்பில் தோய்த்து, கண்ணாடி பார்த்து வைத்துக்கொள்கிறவள் போலத் தன் முகத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து, புருவ மத்திக்கு அரை அங்குலம் மேலே அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினாள். பதினெட்டு வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்த நான் அவ்வளவு வட்டமாக வைத்திருக்க மாட்டேன்.

"கழுத்துக்கு?" என்றார் அண்ணன்.

"மாராப்பு மறைச்சிருக்கு. அது போதும்."

எழுந்தாள். விரலில் இன்னும் சிவப்பு மிச்சம் இருந்தது. நம் வீடுகளில் பெண்கள் குங்குமம் வைத்துக்கொண்டால் கையோடு பக்கத்தில் நிற்பவளுக்கும் ஒரு பொட்டு இட்டுவிடுவது வழக்கம். நினைத்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். வெள்ளையம்மாவின் கையும் தானாக என் பக்கம் திரும்பி என் நெற்றிக்கு நேராக உயர்ந்தது. பாதி வழியில் நின்றது. அவள் கையை இறக்கி, குனிந்து புல்லில் விரலைத் துடைத்தாள்.

"வாறோம் டீச்சரம்மா," என்றாள் செருப்பைக் கழற்றி என் காலருகே ஜோடியாக வைத்துவிட்டு. "வெரசா எறங்குனாத்தான் இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேரலாம். அவரு எனக்காகக் காத்துக் கெடப்பாரு."

அவர்கள் போனதும் வெண்ட்லர் படத்தைப் பார்த்தபடியே நின்றார். "படம் கெட்டுவிட்டது," என்றார். குரலில் கோபம் இல்லை. பம்பாய்க்காரர் இனி வாங்க மாட்டார் என்று செயலாளர் சொன்னதற்கு, தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்: "அந்தப் பெண் ஏன் பாதியில் கையை நிறுத்தினாள்?"

"எண்ணெய்ச் சாயம். கறை போகாது என்று நிறுத்தியிருப்பாள்," என்றேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி வண்டியில் இறங்கினேன். ராவுத்தர் பஸ் நிலையம் வரை பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்தார். கீழே போகப் போக வெயில் ஏறியது, எனக்குக் கோபமும் ஏறியது. வளைவுக்கு ஒருவராக வைத்துத் திட்டிக்கொண்டே வந்தேன். செயலாளர், அவருடைய ரூல், பார்க்காத சாவை இன்னொருத்தி தலையில் பூசிய ஓவியர், படி ஏறாதே என்ற நாத்தனார், என் கை வேண்டாமென்ற அண்ணன், எல்லோரையும் பெருமாள் மலைக்கும் ஊத்துக்கும் நடுவிலேயே தீர்த்தாயிற்று. மிச்சம் இருந்தவள் வெள்ளையம்மா. அவளை மட்டும் ஏன் விட வேண்டும்? எல்லாம் செய்தவளுக்கு நீட்டிய விரலைப் பாதியில் நிறுத்தினாளே, அவளும் அந்த ஊர்க்காரிதானே என்று ஆரம்பித்தேன்.

அந்த நிமிஷத்தை அவளைத் திட்டுவதற்காகவே திரும்ப நினைத்துப் பார்த்தேன். அவள் கை உயர்கிறது, விரல் நுனியில் சிவப்பு இருக்கிறது, முகத்தில் யோசனை எதுவும் இல்லை. பிறகு நிற்கிறது. ஏன் நின்றது? வத்தலக்குண்டு கண்ணில் தெரியும் வேளையில் அது எனக்குப் பிடிபட்டது. விரல் நிற்பதற்கு முன்னாலேயே நான் ஓர் அடி பின்வாங்கிவிட்டேன். தலையையும் திருப்பிக்கொண்டேன். என்னை யாரும் தள்ளவில்லை, ஒதுங்கு என்று சொல்லவில்லை. பதின்மூன்று வருஷமாக ஊரோடு சண்டை போடுகிறேன் என்று பீற்றிக்கொள்ளும் இந்த வாய்க்காரி, ஒரு விரலைக் கண்டு தானாகவே ஒதுங்கியிருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் அவள் கையை இறக்கினாள்.

வண்டி சமவெளிக்கு வந்துவிட்டது. திட்டுவதற்கு எனக்கு ஆள் மிச்சமில்லை. அவள் வைத்திருப்பாள். நான் நின்ற இடத்தில் நின்றிருந்தால், அவள் வைத்தே இருப்பாள்.